ரொட்டிக் கத்தி

மண்வெட்டி முதல் வெட்டிலேயே துள்ளித் திரும்பி
என் கணுக்காலைப் பார்த்தது.
மண்ணில் ஒரு கோடு, அவ்வளவுதான்.
அகலமான அலகு, வார்னிஷ் மினுங்கும் பிடி.
சாந்து குழைக்க நல்லது.
வேர்களுக்கு, யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போன மாதிரி.

மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம்,
மாடித் தண்ணீர் இறங்க ஒரு குழி.
வார்டு ஆபீஸ் துண்டுத்தாளில் அதற்கு
இங்குகுண்டி என்று பெயர்.
கன்னடத்தில் இங்குவதென்றால் மண் உறிஞ்சிக்கொள்வது.
என் மகன் பின்பாதியை மட்டும் தமிழில் படித்து
சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தான்.
போர்வெல் காற்று துப்பிய மார்ச் மாதம்.
டேங்கர்க்காரன் போனில் என் பெயர்
"லிங்கராஜபுரம் அர்ஜென்ட்".

சிவாஜிநகரில் நயாஸ் கடை.
எந்த மண் என்று கேட்பார் என நினைத்துப் போனேன்.
என்ன வேர் என்றார்.
பக்கத்து வீட்டு பட்டர் ஃப்ரூட்.
அப்ப கோடாலி வேணாம்மா,
கல்லுல பட்டா மூக்கு போயிடும்.
குத்தலிகளில் ஒல்லியானதை உருவி
கையில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார்.
ஒரு முனை கூர், மறுமுனை மூன்று விரல் அகலம்,
எடையெல்லாம் தலையில்.
பெயின்ட் அடிச்ச பிடி வாங்காதீங்க,
உள்ள விரிசல் இருந்தாத் தெரியாது.
வீட்ல கடப்பாரை இருக்கா?
இருக்கு.
அதுல தோண்டாதீங்க. கேளுங்க.

கேட்டேன்.
டங் என்றால் கல்.
தொப் என்றால் மண்.
கீழிருந்து யாரோ பாரையைப்
பிடித்துக்கொண்டால்
வேர்.

பதினாறு வருடமாக வங்கியில்
கையெழுத்து ஒப்பிடுகிற உத்தியோகம் எனக்கு.
குத்தலியால் பக்கவாட்டில் சுரண்டச் சுரண்ட
செம்மண்ணில் எழுத்துகள் கிளம்பி வந்தன.
எல்லாம் ஒரே கை.
சுழிக்கிற இடமும் இழுத்து முடிக்கிற இடமும் மாறவே இல்லை.
மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து போட்ட கையெழுத்து,
நான் நீட்டாத படிவத்தில்.

தடித்த வேர் பரவாயில்லை,
எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்.
நூல் வேர்கள்தான் உயிரை எடுத்தன.
குத்தலி அவற்றுக்குத் தலைசீவிவிட்டது.
கத்தரியின் வாயில் மண் அடைத்தது.
இரும்பு ரம்பத்தின் பொடிப் பல்லில் ஈரப் பட்டை அப்பிக்கொண்டது.
பெரிய பல் வேண்டும், மெல்லிய தகடு வேண்டும்,
மழுங்கினால் அழாத மனசு வேண்டும்.
எங்கள் வீடு தோசை வீடு, ரொட்டிக் கத்தி கிடையாது.
மச்சாடோ ஆன்டியிடம் இருந்தது.
"கேக்கா?" என்றார் கொடுக்கும்போது.
தலையை ஆட்டினேன்,
ஆம் என்றும் இல்லை என்றும் படாத ஓர் ஆட்டம்.

அறுத்தது.
ஈர வேர் நேற்றைய பன் போல அறுந்தது,
சோம்பு மாதிரி, ஆனால் சோம்பு இல்லாத ஒரு வாசனையோடு.
மகன் வாளி வாளியாய் மண் ஏற்றினான்.
முழங்கால் ஆழத்தில், குறுக்கே, என் கை பருமனில் ஒன்று.
அதன்மேல் பல்லை வைத்த நேரம்
மதிலுக்கு மேலே ஆன்டியின் முகம்.
கத்தியைப் பார்த்தார். குழியைப் பார்த்தார்.
"இதுதான் கேக்கா?"

ஒன்பது வருடமாக எங்கள் பக்கம் விழுந்த பழங்களைக்
கேட்காமல் தின்றிருக்கிறோம்.
அதையும் அவர் கேட்டதில்லை.
"சின்னதெல்லாம் அறுத்துக்கோ.
அந்தத் தடிப்பயலை மட்டும் விடு.
உங்க பக்கம் காய்க்கிற கிளை அவனோடது."
உண்மையா, பேரமா, தெரியவில்லை.
கத்தியை எடுத்துவிட்டேன்.

குழி வட்டமாக வரவில்லை.
அவரைக்கொட்டை வடிவம்,
நடுவில் ஒரு வேர் கொடிக்கம்பி மாதிரி.
மே மாதம் ராத்திரி பெய்த மழையில் டார்ச்சோடு போய் நின்றேன்.
மாடித் தண்ணீர் வந்து, வேரில் இடறி,
இரண்டாகப் பிரிந்து கீழே போனது.
நிரம்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.
நிரம்பவில்லை.

ஆன்டிக்குப் புதுக் கத்தி வாங்கிக் கொடுத்தேன்,
ஜெர்மன் ஸ்டீல்.
ரொட்டியை நசுக்குகிறதாம்.
பழசே வேண்டுமாம்.