சைக்கிள் டியூப்

பெல்ட்டில் ஆணி சுட்டு
நான் போட்ட மூன்றாவது ஓட்டை இது.

முதலில் ஏப்பம்.
கூழ்முட்டை உடைந்த நாற்றம்.
மட்டக்குளி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்
இறங்குமிடம் வருமுன்பே எழுந்து நின்றார்.
பிறகு வயிறு, காற்றடித்த டயர்போல.
பிறகு, சொல்லக் கூசுகிறது,
எத்தனை வாளி ஊற்றியும் இறங்காமல்
எண்ணெய் பூசி மிதந்தது.
இரத்தமில்லை. காய்ச்சலில்லை.
இரண்டு நாள் சுகமாயிருக்கும்.
மூன்றாம் நாள் வந்து கதவைத் தட்டும், கடன்காரன் மாதிரி.

கண்ணூறு என்று மரியகலா
செத்தல்மிளகாய் சுற்றி எரித்தாள்.
பார்மசிக்காரன் ஓட்டத்துக்குக் குளிசை தந்தான்.
ஓட்டம் நின்றது,
உள்ளே குடியிருந்தது நிற்கவில்லை.

"என்ன தண்ணி குடிக்கிறீங்க?"
டொக்டர் கேட்டது ஒரு பைப் பாஸிடம்.
சிரித்தேன்.
"குழாய்த் தண்ணிதான், குளோரின் போட்டது."
அவர் சிரிக்கவில்லை.

மூன்று நாள், மூன்று டப்பா.
முதலாவதில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை.
எல்லா நாளும் வெளியே வராதாம் அது.
மூன்றாவதில் பிடித்த ஜெசிந்தா மிஸ்
"வந்து பாருங்க" என்று கதிரையை விட்டெழுந்தார்.

வட்ட வெளிச்சத்தில்
நெடுக்காய்ப் பிளந்த பேரிக்காய் ஒன்று.
இரண்டு கண்.
"கண்ணில்லை, அது கரு" என்றார்.
எனக்குக் கண்தான்.
"ஜியார்டியா. கூட்டுக்குள் சுருண்டால்
குழாய்க் குளோரினுக்கு லேசில் அசையாது.
கொதிக்கவைத்தால் சாகும்.
மலம் கலந்த தண்ணியில வாறது."

மலம் கலந்த தண்ணி.

வைகாசி வெள்ளம் வடிந்த மறுநாள்
தொடர்மாடிக்குப் பின்னால்
கக்கூஸ் பைப்பும் குடிதண்ணீர்ப் பைப்பும்
உரசிக்கொண்டு போகிற கானில்
வெடித்த சொக்கெட் ஒன்று.
நிஸ்தாரின் பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்து
இறுக்கிச் சுற்றினேன்.
ரெண்டு நாளில் புதுசு போடுறேன் என்று
ஆயிரத்தைந்நூறு வாங்கினேன்.
அந்த ரெண்டு நாள்
ஏழு கிழமையாய் நீண்டு கிடக்கிறது.

தண்ணீர் வெட்டுகிற இரவுகளில்
வெறும் பைப் மூச்சை உள்ளே இழுக்கும்.
இது தெரியாத பாஸ் கொழும்பில் இல்லை.
கானில் நின்றதையும் சேர்த்து இழுத்திருக்கும்.

குளிசை விழுங்கிய நாள் முழுக்க
நாக்கில் பழைய சில்லறைக் காசு ஊறியது.
சுகமானாலும் பாதியில் விடாதே,
சாராயம் தொடாதே என்றார்கள்.
தொடவில்லை.
தொட்டிருந்தால் யாரிடமாவது உளறியிருப்பேன்.

ஞாயிறு விடியுமுன் புது சொக்கெட் போட்டேன், என் காசில்.
கூரைத் தாங்கியை இறைத்துக் கழுவி
காகம் தள்ளிவிட்ட மூடியைக் கம்பியால் கட்டினேன்.
பிறகு வீடு வீடாய்ப் போனேன்.
கொதிக்கவையுங்கள், நன்றாகக் குமிழ் விடட்டும்.
பல் தீட்டவும் அதே தண்ணீர்.
கக்கூஸ் போய் வந்தால் சவர்க்காரம்.
கிழமைக்கணக்கில் வயிறு சரியில்லாதவர்
பார்மசிக்கல்ல, டொக்டரிடம் போங்கள்.
எல்லாம் சொன்னேன்.
டியூப்பைச் சொல்லவில்லை.

இரண்டாம் மாடியில்
மூன்று வயது செனுலியின் சட்டை
தோளில் நிற்காமல் வழுக்கி விழுந்தது.
நல்ல மனுசன் நீங்கள், பாஸ், என்று
சிங்களத்தில் சொல்லி
அவள் அம்மா ஒரு கிளாஸ் தண்ணீர் நீட்டினாள்.
"கொதிச்சதா?"
கேட்டுவிட்டேன்.
அவள் முகம் சிவந்து கிளாஸைப் பின்னிழுத்தாள்.

கருவிப் பைக்குள்
ஈரம் காயாத ரப்பர்,
முழங்காலில் இடித்தபடி இருந்தது.