அரை மாத்திரையும் இல்லாதது

கிளாக்ஸ்விக்கில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
மீன்வலை ஆலையில் கணக்கெழுதும் தூரி
சமையல் மேசையில்
அறுபத்தொன்பது சுவிட்சுகளைப் பிரித்துப் போட்டிருக்கிறாள்.
ஒவ்வொன்றுக்கும் தூரிகை நுனியளவு கிரீஸ்.
கூடினால் விசைக்குச் சோம்பல் வந்துவிடும்.
ஸ்பேஸ்பாரின் கம்பி இன்னும் கிலுகிலுக்கிறது.
அதை நாளைக்குத் திட்டிக்கொள்ளலாம்.

பதினான்கு மாதம் காத்திருந்து வந்த
கீகேப் பெட்டியில் ஒன்று குறைகிறது:
முதுகு வளைந்து
கழுத்தில் குறுக்குக்கோடு வாங்கிய அந்த எழுத்து.
அவள் பெயரின் கடைசியில் நிற்பதும் அதுதான்.
எழுதுவார்கள்; உச்சரிப்பதில்லை,
அரை மாத்திரைகூட.

"சத்தமே இல்லாத எழுத்துதானே,
மொட்டை மூடி ஒன்றைப் போடு"
என்றான் ஹைனி, மீனைத் திருப்பிக்கொண்டே.

மொட்டை மூடியைத்தான் போட்டாள்.
பலகை முழுக்க மௌன சுவிட்சுகள்.
அதனடியில் மட்டும்
டப்பா மூலையில் கிடந்த ஒரு நீலத்தை,
அந்த வாயாடியை,
அழுத்திச் சொருகினாள்.

இரவு, வங்கிக்கு ஒரு கடிதம்.
கடைசி வரியில் தன் பெயர்.
நான்கு எழுத்தும் மழைக்குள் போயின.
ஐந்தாவது,
க்ளிக்.

பக்கத்து அறையிலிருந்து ஹைனி:
"கூப்பிட்டாயா?"