மீதி

படிவத்தில் ஒரு வரி காலியாக இருந்தது:
செயல்திட்டத்தின் பெயர்.
வெள்ளி மாலை ஆறு மணிக்குள்.

எலாடியோ யோசிக்கவே இல்லை.
எம்பனாடா வாங்க ஒரு செயலி.
பொத்தான், கூடை, ரசீது.
"ஏழுக்கு ஏழு நிச்சயம், ராயென்.
பெருக்கலைத் தாண்டி ஒரு கணக்கும் கிடையாது."
அந்தக் கடைசி வரிதான்
எனக்கு உறுத்தியது.

வால்டிவியாவில் மழை பெய்துகொண்டிருந்தது
(இதை இங்கே யாரும் செய்தியென்று சொல்வதில்லை).
மீன்சந்தைத் துறையில் கடற்சிங்கங்கள்
ஒரு மீன்தலைக்குச் சண்டை போட்டன.
அவற்றின் கீழே ஆறு
கடலுக்குப் போகாமல்
கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது.
நாளுக்கு இரண்டு முறை இப்படித்தான்.
பத்தொன்பது வருடம் பார்த்தும்
எப்போது என்று கேட்டதில்லை நான்.

'ஆற்றின் ஓதம்' என்று எழுதினேன்.
பேனாவை மூடிய பிறகுதான் பயம் வந்தது.

துறைமுக அலுவலகம் மூன்று வருட நீர்மட்டம் தந்தது,
மணிக்கு ஓர் எண்.
நிலவுக்கு ஒரு சைன், சூரியனுக்கு ஒரு சைன்,
அவை இரண்டும் பேசிக்கொள்ளாத நாட்களுக்கு
இன்னும் சில.

முதல் வாரம் என் ஆறு
மலையுச்சியைத் தாண்டி ஏறியது.
இரண்டாம் வாரம் கணினி
'எண் அல்ல' என்றது,
நாலாயிரம் வரிகளுக்கு அதையே.
மூன்றாம் வாரம்
வகுப்பில் தூங்கிக் கழித்த அணிகளை
நூலக ஹீட்டரின் பக்கத்தில்
கால்சட்டை காயக் காயப் படித்தேன்.
ஒரு கழித்தல் குறி.
அவ்வளவுதான்.
தூக்கி மாற்றினேன்;
ஆறு இறங்கி வந்து கரைக்குள் நின்றது.

எலாடியோ அதற்குள் முடித்துவிட்டு
தினமும் பந்தாடப் போனான்.
நல்ல செயலி. நானே இரண்டு முறை வாங்கினேன்,
சீஸ் வைத்தது.

என் கோடு உண்மைக் கோட்டைத்
தொட்டது, விலகியது, தொட்டது.
விலகியதை மட்டும் தனியே வரைந்தேன்.
பிழை என்று பெயர் வைத்து
கடைசிப் பக்கத்தில் ஒளிக்க நினைத்தேன்.
ஜூனில் மேடு.
ஜூலையில் பெரிய மேடு.
ஜனவரியில் தட்டை.

இந்த மேடுகளை எனக்குத் தெரியும்.
இவற்றில் நனைந்திருக்கிறேன்.

நிலவும் சூரியனும்
தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போன பின்
கழிபடாமல் நின்றது
மழை.

எனக்கு ஐந்து புள்ளி எட்டு.
அவனுக்கு ஏழு; அவன்தான் வாங்கித் தந்தான்.
துறையில் நின்று தின்றோம்.
"எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கும்?" என்றான்,
வாய் நிறைய.
நாலு பன்னிரண்டு, என்றேன்.

நாலு இருபதுக்குத் திரும்பியது.
எட்டு நிமிடம்,
எங்கள் தலைமேல் பெய்துகொண்டிருந்தது.