குடையின் நிறம்

முப்பத்திரண்டு வருடமாக
அந்தக் குடை புள்ளிகளால் ஆனது.
கத்தியால் அறுத்து ஒட்டிய புள்ளித்தாள்,
அறுபத்தொன்றாம் எண், கடையில் இருந்ததிலேயே மலிவு.
அதன் கீழ்தான் நின்றாள் கதாநாயகி
பேருந்து வராத நிறுத்தத்தில்,
பாதி முகம் மழைக்கு, பாதி முகம் அவனுக்கு.

படித்தவர்கள் அவரவர் குடையை
அவரவர் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது முழுவண்ணப் பதிப்பு வருகிறது.
நகானோவில், ஆறாம் மாடியில்,
ஈரத்துணி உலரும் அறையில்
இகுமி தீர்மானிக்க வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

கன்னம்தான் முதல் தொல்லை.
கண்ணுக்குக் கீழே ஐந்து சாய்ந்த கோடுகள்:
கறுப்பு மையில் அதுவே போதும், பெண் சிவந்துவிட்டாள்.
அதன்மேல் சிவப்பையும் பூசினால்
காய்ச்சல் கண்டவள் போலிருக்கிறாள்.
பூசி, அழித்து, பூசி,
கடைசியில் காதுமடல் ஓரத்தில் மட்டும்
கொஞ்சம் விட்டுவைத்தாள்.
நாணம் அங்கே போய் ஒளிந்துகொண்டது.

பிறகு அந்தப் பூக்கள்.
யாராவது யாரையாவது பார்த்தால் போதும்,
வேரில்லாமல் தொட்டியில்லாமல்
முதுகுக்குப் பின்னால் மலர்ந்து தொலைக்கின்றன.
என்ன பூ? எந்தப் பருவம்?
பதிப்பாசிரியர் ககிதானி எழுதினார்:
"இளஞ்சிவப்பு விற்கும்."

பள்ளி மொட்டைமாடியில் வானத்தை ஊற்றியபோது
ஒன்று புரிந்தது.
இத்தனை நாள் அங்கே மணி ஆகவேயில்லை.
கம்பிவேலியில் கொஞ்சம் ஆரஞ்சு ஏறியதும்
நாலு இருபது.
இனி அவன் சொல்லியாக வேண்டும்,
இருட்டிவிடும்.

தொலைபேசி அருகே அவள் காத்திருக்கும் பக்கத்தில்
தோலுக்கு ஒரு நிறம் தேடினாள்.
தமிழில் அதற்குப் பசலை என்று பெயர்.
இகுமிக்குத் தமிழ் தெரியாது.
வெங்காயச் சருகில் தொடங்கி
துலக்காத பித்தளை வழியாக
நள்ளிரவு தாண்டி
தானாகவே அங்கே வந்து சேர்ந்தாள்.

குடை மட்டும் மிச்சம்.
ஓதாருவுக்குப் போன் போட்டாள்.
வரைந்த ஷிகேனோ மமியா சிரித்தார்:
"எனக்கென்ன தெரியும்?
ஒரு புட்டி மை, ஒரு புள்ளித்தாள். அதுதான் இருந்தது."
பின்னால் மீன் பொரியும் சத்தம்.

ஒப்பிட்டுப் பார்க்க
நூறு யென்னுக்கு வாங்கிய பழைய பிரதியில்
யாரோ ஒரு குழந்தை
இவளுக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தது,
கலர் பென்சிலால்.
பையனின் முடி பச்சை
(பழுப்பு தீர்ந்துபோயிருக்கும்).
கோடு தாண்டிய மழை மஞ்சள்.
குடையில் மட்டும் பெட்டியிலிருந்த எல்லாப் பென்சிலும்,
ஒன்றின்மேல் ஒன்று,
தாள் கிழியும் வரை.
அந்தக் கிழிசல் வழியே
அடுத்த பக்கத்தில் நீளும் அவன் கை தெரிந்தது.

இகுமி வெகுநேரம் அதையே பார்த்தாள்.

வெள்ளி காலை கோப்புகள் போய்விட்டன.
குடைக்குக் கத்தரிப்பூ நிறம்,
எடுத்த எடுப்பில், யோசிக்காமல்.
பையனின் முடி பழுப்பு, எல்லோரும் எதிர்பார்த்ததுபோல.
விளக்கு படும் இடத்தில் மட்டும்
ஓர் இழை பச்சை.