வெள்ளிக்கிழமைக்குள்

ஜிப்மரிலிருந்து திரும்பும் பேருந்தில்
எனக்கு இருக்கை உண்டு, காலுக்கு இல்லை.
ஆறடி ஒரு அங்குலம்.
இடது முட்டியை நடைவழியில் நீட்டி வைத்திருக்கிறேன்,
ஏறுகிறவர்கள் தாண்டிப் போகிறார்கள்.
அரியாங்குப்பத்தில் மிக்ஸிப் பெட்டியோடு ஏறிய ஒரு அம்மாள்தான்
"காலை மடக்கேன் பாப்பா" என்றாள்.
மடங்கினால் மடக்க மாட்டேனா.

மடியில் ஸ்கேன் உறை.
எவ்வளவு பெரிய படம், எவ்வளவு சின்னக் கிழிசல்.
"முழுசா அறுந்திருந்தா முடிவு சுலபம்,
இது பாதிதான்" என்றார் டாக்டர்.
வருந்துகிறாரா வாழ்த்துகிறாரா, தெரியவில்லை.
அறுவைசிகிச்சை என்றால் ஒன்பது மாதம்.
இல்லையென்றால் ஏதோ ஒரு குதியில்
மீதியும் போகலாம்,
போகாமலும் இருக்கலாம்.

செல்போனில் புனேயிலிருந்து வந்த ஒப்பந்தம்.
புது லீக். அணிக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.
என் பெயரை மட்டும்
குமுத் வள்ளி என்று இரண்டாக உடைத்து வைத்துவிட்டார்கள்.
இரண்டு சீசன், நான்கு லட்சத்து இருபதாயிரம்.
ஏழாம் பிரிவில் 'உடற்தகுதி' என்று ஒரு சொல்.
அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டால்
மற்றதெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.
கடைசியில் ஒரு வரி:
குதித்துப் பந்து போடும் வீடியோ ஒன்றை
வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.

இருக்கிறது, போன டிசம்பரில் எடுத்தது.
திருநெல்வேலி, அரையிறுதி.
ரீபவுண்டுக்கு எழும்பியவள்
காற்றில் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறாள்.
பார்க்கும்போதெல்லாம்
இறங்காதேடி என்று அவளிடம் சொல்லத் தோன்றும்.
"அதையே அனுப்பு" என்கிறாள் ஃபர்ஹானா.
"தேதியா எழுதியிருக்கு? முடிதான் கொஞ்சம் நீளம்."

மூன்றாம் ஆண்டு விலங்கியல்.
தவளையின் பின்னங்காலை வரைந்து
பத்துக்கு ஒன்பது வாங்கியவள் நான்.
குதிக்கப் பிறந்த எலும்பு என்று அடியில் எழுதியதற்கு
ஒன்று குறைத்தார்கள்.
ஆடாத பருவத்துக்கு விடுதிக் கட்டணம் உண்டு என்று
கல்லூரி அலுவலகத்தில்
சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.
சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா
சட்டையைக் கழற்றாமல் ஒன்றுதான் கேட்டார்:
"அந்தப் பணம் வலிக்கு முன்னாடி வருமா, பின்னாடியா?"

பெண்ணையாற்றுப் பாலம்.
ஒவ்வொரு இணைப்பிலும் பேருந்து துள்ள
முட்டி எண்ணிக்கொண்டே வந்தது.
கீழே தண்ணீரைவிட மணல் அதிகம்.
இரண்டு பையன்கள் அந்த மணலில்
செருப்பை நட்டு கோல்போஸ்ட் வைத்திருந்தார்கள்.

மஞ்சக்குப்பத்தில் இறங்கி
வீட்டுக்குப் போகாமல் திடலுக்குப் போனேன்.
ஃபர்ஹானாவிடம் போனைக் கொடுத்தேன்.
பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினேன்,
பட்டை தெரியட்டும்.
ஸ்கேன் உறையைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து
பறக்காமலிருக்க அதன்மேல் தண்ணீர் பாட்டில்.
"என்னடி பண்ற" என்றாள்.

ஃப்ரீ த்ரோவுக்கு எவரும் குறுக்கே வருவதில்லை.
குதிக்கவும் வேண்டாம்.
இரண்டு தட்டு, ஒரு மூச்சு,
மணிக்கட்டு மட்டும்.

வளையத்தில் வலை இல்லை,
போன புயலோடு போனது.
அதனால் சத்தமும் இல்லை.
"விழுந்துச்சா?"
எனக்கும் சரியாகத் தெரியவில்லை.
பந்து சுவரோரம் வரை உருண்டு
ஒரு ஸ்கூட்டரின் கீழே போய் நின்றது.
நொண்டி நொண்டிப் போய்,
உட்கார முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து,
எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அவள் வீடியோவை ஓட்டிப் பார்த்து
"நடக்கறத வெட்டிடறேன்" என்றாள்.

வெட்டாதே, அனுப்பு.