இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு

ராஃபிள்ஸ் பிளேஸ், ஆர்கேட், கீழ்த்தளம்.
ஜும்மாவுக்குக் கடை சாத்த
இன்னும் அரைமணி நேரம்.
தெரேசா கோ என்ற அம்மையார்
டிஷ்யூத் தாளைப் பிரித்துக்
கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்:
இதற்கு இன்றைக்கு என்ன ரேட்?

காசு என்று சொல்ல முடியாது, மீன் செதில்,
அவ்வளவு மெலிசு.
ஒருபக்கம் இரண்டு பேர்
ஒரே கொடிக்கம்பைப் பிடித்திருக்கிறார்கள்.
புனிதர் கொடுக்கிறாரா, தலைவர் பிடுங்குகிறாரா,
எழுநூறு வருஷமாகத் தீரவில்லை.
மறுபக்கம் அரியணையில் ஈசா நபி.
அம்மையார் சிரித்தார்:
காசு மாற்றுகிறவர்களின் மேசையைக் கவிழ்த்தவரைக்
காசிலேயே உட்காரவைத்துவிட்டார்கள், பாருங்கள்.
நான் என் மேசையைப் பார்த்துக்கொண்டேன்.

இறந்துபோன கணவரின் அலமாரியில் கிடந்ததாம்.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு: வெனிஸ், 2.18.
ராஜா இல்லாத ஊர்.
நெல் விளையாத ஊர்.
கப்பல் வந்தால் சோறு.
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பலகையில் முப்பத்தொரு கொடிகள் ஓடுகின்றன.
அந்தக் கொடி இல்லை.

பக்கத்துக் கடை நைனா முகம்மதுவிடம்
நகைத் தராசு வாங்கி வைத்தேன்.
ஒன்று புள்ளி எட்டு மூன்று.
ஓரத்தைத் தடவினேன்.
தேய்மானம் என்றால் வழவழப்பாக இருக்கும்.
இது கத்தரி.
எவனோ ஒருவன் கதவைத் தாழிட்டு
மடியில் துணி விரித்து
நகம் வெட்டுவதுபோல் வெட்டியிருக்கிறான்.
அவன் கை எனக்குத் தெரிந்த கை.
யூரோ வாங்க 1.456,
விற்க 1.459.
என் கத்தரி
புள்ளிக்குப் பின்னால் மூன்றாம் இடத்தில் இருக்கிறது,
உரிமம் சுவரில்.

மாற்ற முடியாது என்றேன்.
செல்லாதா?

டாலரை இந்த ஊர்த் தமிழில் வெள்ளி என்போம்.
இழுப்பறையில் நாற்பதாயிரம் வெள்ளி.
ஒரு குண்டுமணி வெள்ளி கிடையாது.
இன்றைய கிழமைகூட வெள்ளிதான்.
வெறும் வெள்ளியாகவே இருப்பது
டிஷ்யூவில் கிடக்கிறது,
ஒரு கோப்பி-ஓவுக்கு ஆகாமல்.

அம்மையார் அதை மடித்துவைத்துவிட்டு
பர்ஸிலிருந்து ஐம்பது யூரோ எடுத்தார்.
எழுபத்திரண்டு வெள்ளி எண்பது காசு.
எழுபத்து மூன்றாக எண்ணிக் கொடுத்தேன்.
சரிபார்க்காமல் போய்விட்டார்.

நைனா தராசைக் கேட்டுக் குரல் கொடுக்கிறார்.
சாயங்காலம் கணக்கு இருபது காசு உதைக்கும்.
மச்சான் கேட்பார்.
தேய்மானம் என்று எழுதலாமா?