குட்டை மா

சுங்கை தெங்கா நாற்றங்காலில்
இரண்டு மாங்கன்றுகள்.
இப்போதைக்கு ஒரே உயரம்;
குட்டை ரகத்துக்கு மட்டும்
முப்பது வெள்ளி கூடுதல்.
"வளராமல் இருப்பதற்கா காசு?"
என்றார் இளம்பரிதி.

ஹோக் செங் சிரிக்கவில்லை.
"வீடு எங்கே?"
ஈசூன். பதினோராம் மாடி.
எதிர்வீட்டு அஸ்மாவின் சக்கர நாற்காலிக்கு
வழி விட்டது போக
ஒரு தொட்டிக்குத்தான் இடம்.

நெட்டைக் கன்றின் இலையை
நான் இன்னும் விடவில்லை.
அதன் வேர் கேட்கும் மண்
எங்கள் குத்தகைப் பத்திரத்தில் இல்லை.

குட்டைதான் வந்தது,
மின்தூக்கியில், என் இடுப்பளவு.

கீழே கார் நிறுத்துமிடத்தோரம்
நகர மன்றத்தின் நெட்டை மாமரம்.
அதன் உச்சியே
நாலாம் மாடி.

நேற்று முதல் பூங்கொத்து.
கம்பி வழியே எட்டிப் பார்க்கிறது,
கொஞ்சம் திமிராக.
அணில் ஏறாத உயரம்.
எறும்பு மட்டும்
எப்படியோ விலாசம் விசாரித்து
வந்துவிட்டது.